கயிற்றை இழுத்தும் மூச்சு விடாத இயந்திரம்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் தேற்றாத்தீவுத் தோட்டக்காரனுக்கு உறக்கம் குறைந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை. இவற்றுக்கிடையே கிடக்கும் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. காலையில் வார்த்த நீர் மாலையில் வேரடியில் நிற்பதில்லை. ஐப்பசியில் மாரி இறங்கும் வரைக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாள்தோறும் கையால் நீர் ஊட்டியே ஆகவேண்டும். அயலூரான களுதாவளையின் வெற்றிலைக் கொடிகளுக்கும் இதே கதைதான்.

முன்னாளில் இவ்வேலையைத் துலா செய்தது. இன்று பெட்டியளவான ஓர் இயந்திரம் செய்கிறது. துலா ஒருநாளும் “இன்று என்னால் இயலாது” என்று சொன்னதில்லை. இயந்திரமோ அதனைச் சொல்லாமலே சொல்லிவிடும்.

சென்ற ஆடி மாதத்திலே ஒரு விடியற்காலையில் எங்கள் சின்னம்மாவின் தோட்டத்து இயந்திரம் அவ்வாறு சொல்லிற்று. சின்னம்மா கணவனை இழந்தவர். காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றை வங்கியில் அடகு வைத்து அரை ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தார். கன்றுகள் பூக்கத் தொடங்கியிருந்த வேளை அது. க.பொ.த. சாதாரண தரத்திற் படிக்கும் அவருடைய மகன்தான் பாடசாலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் இயந்திரத்தை இயக்குபவன். அன்று அவன் இழுத்தான், இயங்கவில்லை. அவன் பேருந்துக்கு ஓடிவிட, நாம் இழுத்தோம். கயிறு வந்தது, திரும்பிப் போயிற்று. ஒரு வெடி இல்லை, ஒரு புகை இல்லை. உள்ளங்கையிற் கொப்புளம் எழும்பியதுதான் கண்ட பலன்.

படித்தவர்கள் என்ற பெயர் எமக்கு ஊரில் உண்டாகையால், அந்தப் பெயருக்கேற்பச் சில காரியங்களையும் செய்தோம். பிளக்கைக் கழற்றினோம்; நனைந்திருந்தது. அதனை வயரின் தொப்பியில் மாட்டி, இயந்திரத்தின் இரும்புடம்பிலே சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தபோது நீலநிறமாகப் பொறி பறந்தது. பிளக் நல்லது என்பதற்கு அதுவே போதிய சாட்சி. அப்படியிருந்தும் களுவாஞ்சிகுடிக் கடைத்தெருவுக்குச் சென்று புதிய பிளக் ஒன்று வாங்கிவந்தோம். அறிவு சொல்வதை அவசரம் கேட்பதில்லை. புதிய பிளக்கும் பத்து இழுப்பில் நனைந்து போயிற்று. பகல் ஏறியது. மிளகாய் இலைகள் முனை சுருண்டு தொங்கின. மறுநாள் காலையிலும் அதே நிலைதான். சின்னம்மா வாளியுடன் கிணற்றுக்கும் பாத்திக்குமாக நடந்துகொண்டிருந்தார். அரை ஏக்கருக்கு எத்தனை வாளி என்று கணக்குப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

பத்து மணியளவில் அவ்வழியே சைக்கிளில் வந்தார் ஒரு பெரியவர். இளமையிலே நெல் ஆலைகளில் இயந்திரம் பார்த்தவர். இப்போது கண் சற்று மங்கல். அவர் கயிற்றைத் தொடவேயில்லை. பிளக்கைக் கழற்றச் சொல்லி வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

“பெற்றோல் மணக்கல்ல மனே, மண்ணெண்ணெய் மணக்குது. முந்தநாள் பின்னேரம் ஆர் நிப்பாட்டின?”

காரணம் அந்த ஒரு கேள்வியிலே வெளியாகிவிட்டது.

மாணவர்களுக்காக இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இவ்வகை இயந்திரங்கள் பெற்றோலிலே தொடங்கி, உடல் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவை. எண்ணெய் திரவமாக இருக்கும்வரை எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தபின்பே பொறி பட்டு எரியும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ் குளிரிலுங்கூடப் பற்றிக்கொள்ளத் தக்க அளவு ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். நமது கச்சான் வெயில் எவ்வளவு கொடியதாயினும், விடியற்காலையில் கிணற்றடி நிழலிற் கிடக்கும் இரும்புக்குள் அவ்வளவு வெப்பம் இராது.

ஆகவே நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே குழாயின் திருகைப் பெற்றோற் பக்கம் மாற்றி, காபரேற்றரின் கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் முழுவதும் எரிந்து தீர்ந்து பெற்றோல் நிரம்பிய பின்பே நிறுத்தவேண்டும். பையன் அன்று மாலை ரியூஷன் வகுப்புக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விட்டான். காலையிலே திருகைப் பெற்றோலுக்கு மாற்றினான்தான். ஆனால் கிண்ணம் ஏற்கெனவே மண்ணெண்ணெயால் நிரம்பியிருந்தது. கிண்ணத்துக்குள் மிதக்கும் மிதவை, வாயிலை அடைத்துக்கொண்டிருக்க, புதுப் பெற்றோல் எப்படி உள்ளே நுழையும்? நாம் இழுத்த ஒவ்வோர் இழுப்பும் குளிர்ந்த மண்ணெண்ணெயை உறிஞ்சிப் பிளக்கைக் குளிப்பாட்டிற்று. பொறி பறந்தது, எண்ணெய் வந்தது, காற்றும் வந்தது. மூன்றும் இருந்தும் நெருப்பு இல்லை.

பெரியவர் சொற்படி எண்ணெய்த் திருகை மூடினோம். கிண்ணத்தின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி, உள்ளிருந்ததை ஒரு மீன்ரின்னில் வடித்தோம். அதன் அடியிலே முத்து முத்தாக இரண்டு மூன்று துளி தண்ணீரும் உருண்டது. தண்ணீர் எண்ணெயிலும் கனமானதாகையால் கிண்ணத்தின் அடியிலே தங்கி, ஊசித்துவாரம் போன்ற பித்தளை வாயை அடைத்துவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கிய நீர் தெளியும் என்பது நம் முன்னோர் கண்டது. இவ்வூரின் பெயரிலும் அந்த மரம் நிற்கிறது. எண்ணெயிற் கலந்த நீருக்கு அந்தக் கொட்டை உதவாது. வடித்து எடுப்பது ஒன்றே வழி.

பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுத்து உருளைக்குள் இருந்த ஈரத்தை வெளியேற்றினோம். அவ்வேளையில் சுவிட்சை அணைத்து, பிளக் வயரைத் தூர ஒதுக்கிவைக்கச் சொன்னார் பெரியவர். துவாரத்தாற் சீறும் ஆவியில் ஒரு பொறி பட்டால் முகம் வெந்துபோகும். முதல்நாள் நாம் பொறி பார்த்தபோது இதனை எண்ணிப் பாராதது எமது நல்லகாலம். பின்பு பிளக்கைத் துடைத்து வெயிலிற் காயவைத்து மாட்டிப் பெற்றோலைத் திறந்துவிட்டோம். மூன்றாம் இழுப்பில் இயந்திரம் இருமிற்று. ஐந்தாம் இழுப்பில் முழங்கிற்று.

“மறுகா எண்ணெயையும் மாத்திப்போடுங்க” என்றார் பெரியவர். அதுவும் காரணமுள்ள பேச்சே. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே வழிந்து அடியிலுள்ள மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். அளவுக்கோலை உருவி மணந்து பார்த்தபோது மண்ணெண்ணெய் வாடை வீசவே செய்தது.

பிளக் ஈரமாக இருந்தால் ஒரு வழி. உலர்ந்திருந்தால் வேறு வழி. உலர்ந்த பிளக், எண்ணெய் வந்து சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. அப்பொழுது தொட்டியின் மூடியிலுள்ள சிறு துவாரத்தை முதலிலே பார்க்கவேண்டும். அதன் வழியே காற்று உள்ளே புகாவிட்டால் எண்ணெய் கீழே இறங்காது. வேட்டுவன் குளவியைச் சைவர்கள் நன்கறிவர். புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னுருவாக்கும் என்று குருவுக்கு உவமையாகச் சொல்லப்படும் அதே குளவிதான். மாரி முழுவதும் மூலையிற் கிடந்த இயந்திரங்களின் புகைக்குழாயிலும் மூடித் துவாரத்திலும் அது மண்வீடு கட்டிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். காற்று வடிகட்டியில் மணல் அடைத்துக்கொள்வதும் எமது ஊருக்கே உரிய தொல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில இயந்திரங்களில் மசகெண்ணெய் குறைந்தால் பொறியைத் தானாகவே அறுத்துவிடும் ஒரு காவற் கருவி வைத்திருக்கிறார்கள். மணலில் ஒரு கால் புதைந்து இயந்திரம் சாய்ந்து நின்றாலும், எண்ணெய் குறைந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தாற் போதும், பிணி நீங்கிவிடும். ஒரு பலகைத் துண்டு செய்யும் வைத்தியம் இது.

ஹெலிகொப்டர் மாதிரி ஒன்றைப் பறக்கவிடும் ஆசை உள்ள மாணவர்கள் இக்காலத்தில் பலர். அவ்வாசை பழையதே. ஜெர்மனியைச் சேர்ந்த டீற்றர் ஷ்லூற்றர் என்பவர் வானொலி அலையால் ஆளப்படும் மாதிரி ஹெலிகொப்டரைச் செவ்வையாகப் பறக்கச் செய்து 1970இற் பெயர் பெற்றார். மின்கலம் மலிவதற்கு முன் அத்தகைய மாதிரிகளைத் தூக்கியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு இயந்திரம். இன்றும் சிலர் அதனையே விரும்புகின்றனர். அதுவும் நம் கிணற்றடி இயந்திரத்தின் உறவினமே. நோய்களும் பெரும்பாலும் ஒன்றே.

வேற்றுமை நெருப்பிலே உள்ளது. அதன் பிளக்கிற் பொறி பறப்பதில்லை. பிளாட்டினம் சேர்ந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் அதனைச் செந்தணலாக்க வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியபின், எரிபொருளிலுள்ள மெதனோல் ஆவி பிளாட்டினத்தோடு சேர்ந்து விளைக்கும் வெப்பமும் எரிதலின் சூடும் அச்சுருளைத் தணலாகவே வைத்திருக்கும், மின்கலத்தை எடுத்துவிடலாம். ஆதலால் அது தொடங்க மறுத்தாற் பிளக்கைக் கழற்றி மின்கலத்தை மாட்டிச் சுருள் சிவக்கிறதா என்று பார்ப்பதே முதற் பரிசோதனை. மங்கலாகச் சிவந்தால் மின்கலம் சோர்ந்தது. சிவக்கவே இல்லையாயின் சுருள் அறுந்தது.

இரண்டாவது சந்தேகம் எரிபொருளின் மேல். மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. வாவிக்கரைக் காற்றில் மூடி திறந்து வைத்த போத்தல் சில நாளில் கெட்டுப்போகும். அது கொடிய நஞ்சு என்பதையும், குடித்தவர் கண்ணொளியைப் பறிக்கும் என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது. மூன்றாவது, எரிபொருள் மிகுதியாகப் புகுந்து உருளை நிறைந்துவிட்டால் உள்ளே ஆடுதண்டு நகராது. அப்பொழுது பலங்கொண்டு சுழற்றினால் இணைப்புத்தண்டு வளைந்துபோகும். பிளக்கைக் கழற்றி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். நாம் மிளகாய்த் தோட்டத்திற் செய்ததும் இதுவே. வேகத் திருகைக் குறைவாக வைத்து, மேலுள்ள சுழல்விசிறியின் தலையைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டே தொடங்கவேண்டும் என்பது விளையாட்டுக்குரிய விதியன்று. வேகம் கூடினால் கிளச் தானே பிடித்துக்கொள்ளும். அந்தச் சிறகு விரலைத் துண்டாக்க வல்லது.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஆவணியிலே இலங்கையில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த அதன் விலை ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் விலை கொடுத்தும் கிடைக்காமல் மக்கள் கலன்களோடு வரிசையில் நின்றனர். அந்த நாட்களிற் காய்ந்த தோட்டங்களை நினைத்தால், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயால் இரண்டு நாள் காய்ந்தது பெரிதா என்று தோன்றும். சின்னம்மாவிடம் அதைச் சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை. கன்றுகளில் ஒரு பகுதி பூ உதிர்த்துவிட்டது. மீதி பிழைத்தது.

அன்று மாலை பையன் வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பழுது என்று கேட்டான். பெரியவர் கேட்ட கேள்வியை நாம் அவனிடம் கேட்கவில்லை. கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றது என்று மட்டும் சொன்னோம். அவன் சற்றுநேரம் நீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாளியை எடுத்து, அம்மாவின் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு, நீர் இன்னும் எட்டாத கடைசிப் பாத்திகளுக்குப் போனான்.

மறுநாட் காலை நாம் வேலியோரமாக நின்று பார்த்தோம். நீர் இறைத்து முடிந்ததும் திருகைப் பெற்றோலுக்கு மாற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இயந்திரத்தின் அருகே குந்தியிருந்தான். நெடுஞ்சாலையிற் பேருந்தின் ஒலி கேட்டது, அவன் எழும்பவில்லை. பேருந்து போய்விட்டது. பின்னும் சிறிது நேரம் இருந்து, சுவிட்சை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, பெரியப்பாவின் சைக்கிளைக் கேட்டு வாங்கிப் பாடசாலைக்கு மிதித்தான்.