காகித ராக்கெட்

வள்ளியூரில் நின்று மேற்கே நோக்கினால் மகேந்திரகிரி தெரியும். அநுமார் இலங்கைக்குத் தாவியது அம்மலையிலிருந்துதான் என்பது நம்மவர் நம்பிக்கை. அதன் அடிவாரத்தில் இன்று இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. சந்திரயான்-3ஐச் சுமந்து 2023 ஜூலை 14இல் கிளம்பிய ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை, அவ்வருஷம் பிப்ரவரி 24இல் 25 விநாடி எரித்துப் பார்த்தது இங்கேதான்.

இத்தகைய மலையின் நிழலில் வளரும் பிள்ளைகள் ராக்கெட் என்றால் தீபாவளி வாணம் என்று மட்டும் எண்ணியிருப்பது நமக்குச் சம்மதமில்லை. கடையில் வாங்கிய வாணம் கொளுத்தியதும் தீர்ந்து போகிறது. தாமே செய்து, அது குப்புற விழ, ஏன் விழுந்தது என்று யோசிப்பதல்லவா கல்வி?

அதற்காகக் கந்தகத்தையும் கரியையும் இடிக்கப் புறப்பட்டால் விபரீதம். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபின் அமெரிக்கச் சிறுவர் சிலர் உலோகக் குழாய்களில் மருந்தைக் கெட்டித்து அங்கஹீனம் அடைந்தனர். அங்கே நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954இலேயே காகித உடல் கொண்ட சிறு ராக்கெட்டைச் செய்திருந்தார். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் நிபுணர் அதைத் தேசமெங்கும் பரப்பினார். உடலைப் பிள்ளைகள் செய்யலாம். மருந்தை அவர்கள் கலக்கவே கூடாது என்பது அவர்கள் வகுத்த நியதி.

நாமோ மருந்தையே விட்டுவிடலாம், காற்று போதும். அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயின்மேல் முதலில் ஒரு காகிதத்தைச் சுற்றி, அதன்மேல் இன்னொன்றைச் சுற்றிப் பசையிட்டு ஒட்டவேண்டும். உலர்ந்ததும் உள்காகிதத்தை உருவிவிட்டால், குழாயில் வழுக்கிச் செல்லும் உடல் கிடைக்கும். கூம்பான மூக்கைக் காற்றுப் புகாமல் இறுக ஒட்டாவிட்டால் மூக்கு மாத்திரம் பறக்கும்! சிறகுகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட உயர்ந்த அட்டை வேறில்லை. பெரிய குளிர்பான பாட்டில் ஒன்றைச் சைக்கிள் டியூபால் குழாயுடன் இணைத்து, ராக்கெட்டைச் செருகி, பாட்டிலை ஓங்கி மிதிக்கவேண்டியதுதான். குழாய்க்கு நேரே எவரும் முகத்தை நீட்டலாகாது.

பறக்கவிடுமுன் ஒரு பரீக்ஷை. ராக்கெட் சமனாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே சென்றால் சரி. இல்லாவிடில் மூக்கினுள் சிறிது களிமண் வைக்கவேண்டும். கனம் முன்னேயும் காற்றின் தடை பின்னேயும் இருந்தால்தான் அது நேரே செல்லும். வாணத்துக்கு நீண்ட குச்சி கட்டுவதும் இக்காரணம் பற்றியே. திப்புவின் சேனையார் இரும்புக் குழலை மூங்கிலில் கட்டி எய்தனர். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் ராக்கெட்டை அமைத்தார். வித்தை எங்கிருந்து போயிற்று என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும்.

சிறகு பெரிதாயினும் தொல்லை உண்டு. ராக்கெட் எதிர்காற்றை நோக்கித் திரும்பிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று இவ்வட்டாரத்துக் காற்றாலைகளையே சுழற்றுவது. கல்யாணப் பத்திரிகை அதற்கு எம்மாத்திரம்? அந்நாட்களில் காற்று அடங்கிய வேளை பார்த்து, உடைமரங்கள் இல்லாத வெளியில் விடுவதே உசிதம். முள்ளில் மாட்டிய காகிதம் முழுசாகத் திரும்பாது.