சிரிக்க வைத்தவர்கள் பேனா பிடித்தால்

சங்கரன்கோவில் பக்கம் டிவி வந்த புதிதில் நாங்கள் பார்த்தது சென்னையை அல்ல, கொழும்பை. மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டரையும் மாட்டினால் ரூபவாகினி தெரியும். ஆடிக் காற்றில் அந்தக் குழாய் ஒரு சாண் திரும்பினால் போதும், திரையில் புள்ளிமழைதான். கொடைக்கானலில் கோபுரம் வந்த பிறகே தூர்தர்ஷனின் தமிழ் நிகழ்ச்சிகள் எங்கள் பக்கம் ஒழுங்காகக் கிடைத்தன. துப்பறியும் சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி வந்து நின்றதும் அப்படித்தான்.

ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சாம்பு புது ஆள் இல்லை. தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ஆள் அவன். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு பண்ணிய புத்தகம் பல வீட்டுப் பரணில் இருந்தது. அதைப் படித்தவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, மூக்கு சரியாக இருக்கிறதா, முழி சரியாக இருக்கிறதா என்று நடிகருக்கு மார்க் போட்டார்கள். தேவன் 1957-லேயே போய்விட்டார். தன் சாம்பு டிவியில் நடமாடியதை அவர் பார்க்கவில்லை.

அன்றைய வரிசை அது. முதலில் எழுத்து, அப்புறம் மேடை, கடைசியில் டிவி. சோ வக்கீலாக இருந்துகொண்டே நாடகம் எழுதினார். ‘முகமது பின் துக்ளக்’ 1968-இல் மேடையேறி, 1971-இல் சினிமாவாகி, புத்தகமாகவும் கிடைத்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த மோகன், எஸ்.வி. சேகரின் குழுவுக்காக 1976-இல் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவர் பெயருக்கு முன்னால் ‘கிரேஸி’யை ஒட்டவைத்தது. 1979-இல் தம்பி பாலாஜியோடு தனிக் குழு ஆரம்பித்தார். சேகரோ ‘வண்ணக் கோலங்கள்’ மூலம் தூர்தர்ஷனுக்கு வந்தார். அவர் நாடகங்கள் கேசட்டாகவும் வந்தன. பேருந்தில் ஓடிய அந்த கேசட்டைக் கேட்டுச் சிரித்தே ராஜபாளையம் வரைக்கும் போனவர்கள் உண்டு. மோகன் விகடனில் எழுதிய ‘மிஸ்டர் கிச்சா’ இன்றும் படிக்க அலுக்காத புத்தகம்.

இந்தப் புத்தகங்கள் எதிலும் ‘நான்’ கிடையாது. மோகனின் பாத்திரங்களாக மாது இருக்கிறான், சீனு இருக்கிறான், கிச்சா இருக்கிறான். சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட அந்த இன்ஜினீயரின் வீடு, கடன், கவலை எதுவும் உள்ளே இல்லை. ஜோக் எழுதுகிறவர் தன்னைப் பற்றி எழுதுவது அடக்கக் குறைவு என்பது போல ஒரு எண்ணம் அன்றைக்கு இருந்தது என்று நினைக்கிறேன். நாகேஷின் வாழ்க்கைகூட ‘நான் நாகேஷ்’ என்று வந்தபோது, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் பத்திரிகையாளர் எஸ். சந்திரமௌலி.

இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் போனில் பார்க்கிற அமெரிக்கக் காமெடித் தொடர்களில் கதை தலைகீழ். டிவி முதலில் வருகிறது, புத்தகம் பின்னால் வருகிறது, புத்தகம் முழுக்க ‘நான்’தான். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ என்ற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் தொடங்கி 2015 வரை ஏழு சீசன் ஓடியது. இந்தியானா மாநிலத்தில் பானி என்றொரு கற்பனை ஊர். அதன் நகராட்சியில் பூங்காத் துறை. ஒரு பள்ளத்தை மூடிப் பூங்கா ஆக்க வேண்டும். கதை இவ்வளவுதான். குறைகேட்புக் கூட்டத்தில் எழுந்து சம்பந்தமே இல்லாமல் கத்துகிற ஜனங்கள், கோப்பு நகரக்கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் மேலதிகாரி. நம் நகராட்சி ஆபீஸ் வாசலில் ஒரு மத்தியானம் காத்திருந்தவருக்கு இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் தொடரில் நடித்தவர்களின் புத்தகங்களுக்கே தனி அலமாரி போடலாம். ராப் லோ 2011-இல் எழுதினார். அந்த மேலதிகாரியாக வரும் நிக் ஆஃபர்மேன் 2013-இல் ஒரு தன்வரலாறு எழுதினார். அவர் நிஜத்திலும் தச்சுவேலைக்காரர், 2016-இல் தன் பட்டறையைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். கதாநாயகி எமி போலர் 2014-இல், ரெட்டா 2018-இல். எல்லோரும் சேர்ந்து கிண்டல் பண்ணும் அப்பாவி ஜெர்ரியாக வந்த ஜிம் ஓஹேர் 2024-இல் தொடரைப் பற்றியே எழுதிவிட்டார். இதெல்லாம் போதாதென்று, கதைக்குள் கதாநாயகி எழுதுவதாக வரும் ஊர்ப் பெருமைப் புத்தகம் 2011-இல் நிஜமாகவே அச்சாகிக் கடைக்கு வந்தது. இல்லாத ஊருக்குத் தலபுராணம்!

எல்லாமே நல்ல புத்தகம் என்று சொல்ல மாட்டேன். பிரபலத்தின் பெயருக்காக விற்கிற சரக்கும் இதில் உண்டு. நம் ஊரிலிருந்து படிக்கும்போது தட்டி நிறுத்துவது, அதே தொடரில் டாம் ஹேவர்ஃபோர்டாக நடித்த அஸீஸ் அன்சாரி 2015-இல் கொண்டுவந்த ‘மாடர்ன் ரொமான்ஸ்’. அவர் தென் கரோலினாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். காதலும் கல்யாணமும் செல்போனால் எப்படி மாறின என்பதுதான் புத்தகத்தின் விஷயம். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு டோக்கியோ, பாரிஸ், தோஹா, புவெனஸ் ஐரிஸ் என்று ஆட்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். நடிகர் ஆராய்ச்சி செய்வதா என்று சந்தேகத்தோடு திறந்தால், ஆராய்ச்சி சுமாராக இல்லை.

அதில் அவர் அப்பா பெண் பார்த்த கதை வருகிறது. கல்யாணத்துக்குத் தயார் என்று அப்பா சொல்ல, வீட்டார் மூன்று குடும்பங்களில் ஏற்பாடு செய்கிறார்கள். முதல் பெண் கொஞ்சம் உயரம். இரண்டாவது கொஞ்சம் குட்டை. மூன்றாவது பெண்ணின் உயரம் சரியாக இருந்தது. அரைமணி நேரம் பேசினார்கள். சரிப்பட்டு வரும் என்று தோன்றியது. ஒரு வாரத்தில் கல்யாணம். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்கிறார் மகன். தானோ சாப்பிட எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்வதற்கே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதாகப் புலம்புகிறார்.

அமெரிக்கர்களுக்கு இது வேடிக்கை. நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்னால், சங்கரநாராயணர் கோயிலில் ஒரு முன்னோட்டம் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் நாகசுனைப் பக்கம் நிற்பார்கள். பெண் வீட்டார் கோமதி அம்மன் சந்நிதியில் கும்பிட்டு, புற்றுமண் வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றி வருவார்கள். ‘அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா மதினி’ என்று இரண்டு பக்கமும் ஆச்சரியப்பட வேண்டும். அந்த நடிப்புக்கு எந்த டிவிக்காரரும் கிட்ட வர முடியாது. பெண்ணுக்கு விஷயம் தெரியும், தெரியாதது போல நடப்பாள். தெற்குப் பிராகாரத்திலிருந்து வடக்குப் பிராகாரம் போவதற்குள் உயரக் கணக்கு முடிந்துவிடும். அன்சாரியின் அப்பாவுக்குக் கிடைத்த அரைமணி நேரப் பேச்சு இதோடு பார்த்தால் தாராளம்.

பக்கத்திலேயே மணமுடிப்பது நம் பழக்கம் மட்டும் இல்லை என்பதையும் அந்தப் புத்தகம் எடுத்துக்காட்டுகிறது. 1932-இல் ஜேம்ஸ் பொஸார்ட் என்ற ஆய்வாளர் பிலடெல்பியாவில் 5,000 திருமணப் பதிவுகளைப் புரட்டினார். மூன்றில் ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன்பே ஐந்து தெரு தூரத்துக்குள் குடியிருந்தவர்கள். எட்டில் ஒரு ஜோடி ஒரே கட்டடம். நாம் மாமன் மகள், அத்தை மகன் என்று உறவை வைத்து வட்டம் போட்டோம், அவர்கள் தெருவை வைத்துப் போட்டார்கள். இன்றைக்கு இரண்டு வட்டமும் போய்விட்டன. எங்கள் பக்கம் தரகரின் மஞ்சப்பை வாட்ஸ்அப் குழுவாகிவிட்டது. ஜாதகம் பிடிஎஃப்பாக வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பையனும் சென்னையில் இருக்கும் பெண்ணும் பிராகாரத்துக்கு முன்னால் வீடியோ காலில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

அதே 2015-இல் அன்சாரி ‘மாஸ்டர் ஆஃப் நன்’ என்ற தொடரை எடுத்தார். அதில் அப்பா அம்மாவாக நடித்தவர்கள் அவருடைய சொந்த அப்பா அம்மா, ஷௌகத்தும் ஃபாத்திமாவும். பெற்றோரைப் பற்றிய பகுதியில் அப்பாவின் சிறுவயதைக் காட்டும்போது திரையில் ‘திருநெல்வேலி, 1958’ என்று எழுத்து வரும். 2019 நவம்பரில் தென்காசி தனியாகப் பிரியும்வரை எங்கள் ஊரும் திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தப் பகுதியின் திரைக்கதைக்கு 2016-இல் எம்மி விருது கிடைத்தது. ‘தி ஆஃபீஸ்’ தொடரில் எழுதி நடித்த மிண்டி கேலிங்கின் அப்பாவும் தமிழர்தான், பெயர் ஆவுடையப்பன் சொக்கலிங்கம். மிண்டியும் 2011-இலும் 2015-இலும் தன்னைப் பற்றிக் கட்டுரைப் புத்தகங்கள் போட்டார்.

இங்கே டிவி சிரிப்புக்காரர்களில் விடாமல் புத்தகம் போடுகிறவர்கள் பட்டிமன்றத்துக்காரர்கள். மதுரை தியாகராசர் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கு. ஞானசம்பந்தன் நகைச்சுவைப் புத்தகங்கள் பல எழுதியவர். சாலமன் பாப்பையா திருக்குறளுக்கு உரை எழுதினார். இருவரும் வாத்தியார்கள் என்பதால் பேனா கையோடு வந்தது. ‘லொள்ளு சபா’ தலைமுறைக்குப் பின்னால் வந்ததோ மீம். ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் ஏறுகிற பையன், அப்பா பெண் பார்க்கப் போன கதையை ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கி இறங்கிவிடுகிறான். அது யூடியூப் துண்டாகிறது, அடுத்த வாரம் வேறு துண்டு.

அன்சாரி ‘மாடர்ன் ரொமான்ஸ்’ புத்தகத்துக்கு வாங்கிய முன்பணம் 35 லட்சம் டாலர் என்று அப்போதே செய்தி வந்தது. நம் பதிப்பாளரிடம் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மேடையிலிருந்து இறங்குகிற பையனிடம் ‘அந்தக் கதையை முழுசா எழுதித் தாங்க தம்பி’ என்று கேட்பதற்குக் காசு எதுவும் செலவில்லை.