புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் பாதை

மழை பெய்து ஓய்ந்த காலை நேரத்தில் செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல்தளத்திலிருந்து கிழக்கே நோக்கினால், கட்டடங்களுக்கு அப்பால் நீல நிறத்தில் மலைமுகடுகள் தெரியும். அவை தித்திவங்சா மலைத்தொடரைச் சேர்ந்தவை. தாய்லாந்து எல்லைப் பகுதியிலிருந்து நெகிரி செம்பிலான் வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்திற்கு இம்மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. இதன் மிக உயரமான சிகரம் 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை. வார இறுதி வந்தால் கோலாலம்பூர்வாசிகள் பலர் இம்மலைகளை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர்.

மலைப்பாதைகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். சென்ற வழியிலேயே திரும்பி வருவது முதல் வகை. ஓரிடத்தில் ஏறி வேறோர் இடத்தில் இறங்குவது இரண்டாம் வகை. ஒரே பாதையை இருமுறை மிதிக்காமல், மலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வது மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையே சுற்றுப்பாதை நடை எனப்படுகிறது.

மலையைச் சுற்றி நடப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் பக்தர்கள் மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகின்றனர். திபெத்தில் உள்ள கயிலாய மலையைச் சுற்றிவரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதை 5,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள ஒரு கணவாயைக் கடந்து செல்கிறது. ஐரோப்பாவில் மோண்ட் பிளாங்க் மலையைச் சுற்றும் பாதை பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்கிறது.

சுற்றுப்பாதையில் நடப்பதால் பல நன்மைகள் உண்டு. வாகனத்தை நிறுத்திய இடத்திற்கே வந்து சேர்வதால் வீடு திரும்ப வேறு ஏற்பாடு தேவைப்படாது. பார்த்த காட்சியையே மீண்டும் பார்க்க நேராது. ஏறிய உயரம் முழுவதையும் இறங்கியே ஆக வேண்டும் என்பதும் உறுதி. 600 மீட்டர் ஏறியவர் புறப்பட்ட இடத்தை அடைவதற்குள் மொத்தம் 600 மீட்டர் இறங்கியிருப்பார். எனவே, ஒரு நாள் நடைக்குத் தேவைப்படும் உழைப்பை வரைபடத்தைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிடலாம்.

எனினும், இவ்வகைப் பாதைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. சென்ற வழியே திரும்புகிறவருக்குத் திரும்பும் பாதை நன்கு தெரியும். வழுக்குப் பாறை எங்கே, ஓடை எங்கே என்பதைக் காலையிலேயே பார்த்திருப்பார். சுற்றுப்பாதையில் நடப்பவருக்கோ இரண்டாம் பாதி முழுவதும் புதிய பாதை. உடல் களைத்து, வெளிச்சம் குறைந்து, மழை பெய்யக்கூடிய பிற்பகல் நேரத்தில்தான் அவர் அந்தப் புதிய பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, எங்கே, எப்போது திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது இந்நடையின் முதல் விதியாகும்.

இதற்கு ஒரு கணக்கு உதவும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை வெளியிட்டார். இன்றைய அளவுகளில் அதைச் சொல்வதானால், ஒவ்வோர் 5 கிலோமீட்டர் தூரத்திற்கும் ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

செந்தூலைச் சேர்ந்த ஒரு குழு 12 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்கத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 4 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் உச்சி. மீதி 8 கிலோமீட்டரும் இறக்கம். நைஸ்மித் விதிப்படி உச்சியை அடைய 1 மணி 48 நிமிடமும், முழுப் பாதையையும் கடக்க 3 மணி 24 நிமிடமும் ஆகும். ஆனால், நமது காடுகளில் வழுக்கும் வேர்கள், சேறு, சாய்ந்து கிடக்கும் மரங்கள் எனத் தடைகள் பல. இக்கணக்கை இரு மடங்காக்கிக்கொள்வதே பாதுகாப்பானது. அப்படியானால், காலை 8 மணிக்குப் புறப்படும் குழு 11.36க்கு உச்சியை அடையும். ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்தால், மாலை 4 மணிக்குச் சற்று முன்பாகத் தொடங்கிய இடத்திற்கு வந்துவிடும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தூரத்தைப் பார்த்தால் இச்சுற்றின் பாதி 6ஆவது கிலோமீட்டர். ஆனால் முடிவெடுக்க வேண்டிய இடம் அதுவன்று. உச்சியில் நிற்பவர் திரும்ப நினைத்தால், தெரிந்த பாதையில் 4 கிலோமீட்டர் இறங்கினால் போதும். உச்சியைக் கடந்து மறுபக்கம் 2 கிலோமீட்டர் இறங்கிவிட்டவர் திரும்ப நினைத்தால், களைத்த கால்களோடு மறுபடியும் உச்சிக்கு ஏற வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்ய மாட்டார்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று முன்னேறவே பார்ப்பார்கள். எனவே, திரும்பலாமா, தொடரலாமா என்ற முடிவை உச்சியிலேயே எடுத்துவிட வேண்டும். மேற்கூறிய குழு, “நண்பகல் 12 மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் வந்த வழியே திரும்புவோம்” என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் முக்கியம். செங்குத்தான, வழுக்கும் பகுதியில் இறங்குவதைவிட ஏறுவது எளிது. ஆகவே, அப்பகுதியை ஏறும்போதே கடக்குமாறு திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதையில் ஆறு குறுக்கிட்டால், அதைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. நம் நாட்டில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்கிறது. மலையின் மேல்பகுதியில் பெய்யும் மழையால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் திடீர் நீர்ப்பெருக்கு ஏற்படலாம். காலையில் கணுக்கால் அளவே இருந்த நீர், மாலையில் ஆளையே இழுத்துச் செல்லும் வெள்ளமாக மாறிவிடக்கூடும்.

புறப்படுமுன் வீட்டில் உள்ளவரிடம் விவரம் சொல்லிச் செல்வதும் இன்றியமையாதது. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்சன், கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே சென்றார், திரும்பி வரவில்லை. காவல் துறையினர், இராணுவத்தினர், காட்டை நன்கறிந்த பூர்வக்குடியினர் என நூற்றுக்கணக்கானோர் தேடியும் அவரைப் பற்றிய தடயம் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புதிராகவே உள்ளது. ஒருவர் எந்தப் பாதையில் சென்றார் என்பது தெரியாவிட்டால், எத்தனை பேர் தேடினாலும் காடு மிகப் பெரியதாகிவிடுகிறது. சுற்றுப்பாதையில் செல்வோர் பாதையின் பெயரையும், திரும்பும் நேரத்தையும், எந்தத் திசையில் சுற்றப் போகிறார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். திசை தெரிந்தால், மீட்புக் குழுவினர் எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவது என்பதை உடனே முடிவு செய்யலாம்.

நிரந்தர வனக்காப்பகங்களுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். குடிநீர், மழையாடை, தலைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம் பையில் வைத்திருக்க வேண்டும். திறன்பேசியில் உள்ள வரைபடம் பயன்தரும்; ஆனால் அடர்ந்த காட்டில் தொடர்பு கிடைக்காமல் போகலாம், மின்கலமும் தீர்ந்துபோகலாம். எனவே, அச்சிட்ட வரைபடமும் திசைகாட்டியும் உடனிருக்க வேண்டும். வழி தவறிவிட்டால் மேலும் அலையாமல் ஒரே இடத்தில் நின்று, ஊதலை மும்முறை விட்டுவிட்டு ஊத வேண்டும். தொடர்பு கிடைத்தால் 999 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்.

புதிதாக நடக்கத் தொடங்குவோர் முதலில் சிறிய, பராமரிக்கப்படும் பாதைகளில் பழகுவது நல்லது. செந்தூலுக்கு அருகில் கெப்போங்கில் மலேசிய வன ஆய்வுக் கழகம் உள்ளது. முன்பு ஈயம் தோண்டி வெறுமையாகக் கிடந்த நிலத்தில், 1920களில் தொடங்கி மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிழல் நிறைந்த பாதைகளில் வழிகாட்டியுடன் நடந்து, தம் நடையின் வேகத்தை மாணவர்கள் அளந்து பார்க்கலாம். அந்த அளவு, பின்னாளில் பெரிய மலைக்குத் திட்டமிடும்போது கைகொடுக்கும்.

உச்சியை அடைந்தவுடன் பயணம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். சுற்றுப்பாதையில் அது முடிவெடுக்கும் இடம் மட்டுமே. நேரம் போதாதபோது வந்த வழியே திரும்புவது தோல்வியன்று. மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு நாள் சற்று முன்னதாகவே புறப்பட்டு, முழுச் சுற்றையும் நடந்து முடிக்கலாம்.