ஆணியா, திருகாணியா?

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே குடியிருப்போருக்கு இரண்டு ஓசைகள் பழகிப்போனவை. ஒன்று கரையோரப் புகையிரதத்தின் ஓசை, மற்றையது அலையோசை. எங்கள் வீட்டிலோ மூன்றாவதாக ஓர் ஓசையும் இருந்தது.

பின்னறைக்கு மேலே பலாமரச் சட்டங்களை நிரைத்து, அவற்றின்மீது ஒட்டுப்பலகை பரப்பி, என் மகளின் படிப்புக்கென ஒரு சிறிய மேற்றட்டு அமைத்திருந்தோம். கீழே, எண்பது வயதைத் தாண்டிய என் தாயாரின் கட்டில். பரீட்சைக் காலங்களில் மகள் மேலே உலாவியபடியே பாடங்களை நெட்டுருப் பண்ணுவாள். அடிக்கு ஒரு 'கிரீச்'. "பிள்ளை படிக்கிறாளோ, பலகை படிக்கிறதோ?" என்று தாயார் கேட்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்தே நான்கு ஆண்டுகளைப் போக்கிவிட்டோம்.

ஒருநாட் காலை மேற்றட்டிலே பெருஞ்சத்தம் கேட்டது. சட்டத்துக்கு அப்பால் சற்றே நீண்டிருந்த பலகை விளிம்பின்மீது புத்தக அலுமாரியின் கால் நின்றிருக்கிறது. துலா மிதித்தாற்போல அவ்விளிம்பு தாழ, மறுபக்கத்து ஆணிகள் பிடிவிட்டுக் கிளம்பின. அலுமாரி சுவரிலே சாய்ந்து நின்றது. புத்தகங்கள் மாத்திரம் கட்டிலின்மேல் விழுந்தன. தாயார் அவ்வேளை முற்றத்திலே பூப்பறித்துக்கொண்டிருந்தார்.

பழுது பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து முதிய ஆசாரியார் ஒருவர் வந்தார். எஞ்சிய ஆணிகளுட் சிலவற்றைக் குறட்டினால் அல்ல, இரு விரல்களினாலேயே பிடுங்கி என் கையில் வைத்தார். தலைக்குக் கீழே ஒவ்வோர் ஆணியும் ஈர்க்குப்போல் மெலிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு செய்த வேலை அது.

"இனி எல்லா இடத்துக்கும் திருகாணியே போட்டுவிடுவோம்" என்றேன் நான்.

"அதுவும் பிழை, சேர். ஆணி வளையும், திருகாணி முறியும். எந்த இடத்தில் எது நடக்கலாம் என்று பார்த்துப் போட வேண்டும்" என்றார் அவர்.

இருபது ஆண்டுகளாக மாணவருக்கு விசைகளைப் பற்றிப் போதித்து வருபவன் நான். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மாணவனாகவே நின்றேன்.

தளத்துப் பலகையை மேல்நோக்கிக் கிளப்பும் விசை வேறு. சட்டத்தின் நுனியைத் தூணிலிருந்து கீழ்நோக்கி அறுக்க முயலும் விசை வேறு. வழுவழுப்பான ஆணியை மரத்தின் நெருக்கம் ஒன்றே பிடித்து வைத்திருக்கிறது. மரம் உலர்ந்து சுருங்கியதும் அப்பிடி தளர்கிறது. பலகைக்கும் சட்டத்துக்குமிடையே மயிரிழை வெளி உண்டாகிறது. மிதிக்கும்போது பலகை ஆணியின் உடலோடு உராய்ந்து இறங்குகிறது. என் தாயார் கேட்ட 'கிரீச்' அதுவே. திருகாணியின் புரியோ மரத்தை வெட்டி உள்ளே புகுந்து, பலகையைச் சட்டத்தோடு இறுக்கி அணைத்துக்கொள்கிறது. ஆகவே தளத்துக்குத் திருகாணியே தக்கது. உடலிலே வளையம் வளையமாக வரி வெட்டிய ஆணிகளும் உண்டு. அவை சாதாரண ஆணியைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் பின்னொரு நாள் பலகையைக் கழற்ற நேர்ந்தால், பலகையும் பாழ், பொறுமையும் பாழ்.

சட்டங்களின் நுனிகளிலே நிலைமை மாறுகிறது. அங்கே பாரம் ஆணியைக் குறுக்காக வெட்டப் பார்க்கிறது. தடித்த ஆணி வளைந்து கொடுத்து, ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும். சுண்ணப் பலகைகளுக்கென்று விற்கப்படும் மெல்லிய கறுப்புத் திருகாணிகளோ கடினமாக்கப்பட்டவை, அறிவிப்பின்றி முறிபவை. மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றைத் தளத்துக்கு வாங்குவோர் பலர். எங்கள் சட்ட நுனிகளுக்கு ஆசாரியார் உலோகத் தொட்டில்கள் வைத்து, அவற்றுக்குரிய தடித்த ஆணிகளையே அறைந்தார்.

இரும்பின்மேல் நம்மவர் கொண்ட ஐயம் பழையது. கட்டுமரம் என்ற பெயரே கட்டப்பட்ட மரம் என்பதன்றோ? அச்சொல்லை ஆங்கிலமும் கடன்வாங்கிக்கொண்டது. நீர்கொழும்புக் கரையில் காணப்படும் புறமிதவை வள்ளமும் கயிற்றினாற் பிணைக்கப்பட்டதே. காந்த மலைகள் ஆணிகளை இழுத்துவிடும் என்று அஞ்சியே இந்துக்கடலோர் இரும்பைத் தவிர்த்தனர் என ஒரு கதை முற்காலத்தில் வழங்கியது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ், உரோமரின் கப்பல்களில் இரும்பு நிறைய இருந்தும் அவை அக்கடலிற் கெடுவதில்லையே என்று கூறி, அக்கதையை மறுத்துவிட்டார். கூர்நுனியுள்ள மரத் திருகாணி இவற்றோடு ஒப்பிட மிக இளையது. அமெரிக்கரான தோமஸ் சுலோன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1846-இலேதான்.

மறுநாள் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். மெல்லிய முலாம் பூசிப் பளபளக்கும் திருகாணிகளை ஆசாரியார் தொட்டும் பார்க்கவில்லை. "கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இதை வாங்கலாமோ?" என்றார். துருப்பிடியாத உருக்கினாலானவை, விலை பன்மடங்கு. வாங்கினோம். ஆணிகள், உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்தவை.

18 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 2 அங்குலத் திருகாணி; விளிம்புகளில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று. பலகையின் மேற்பட்டை இழை சட்டங்களுக்குக் குறுக்காக ஓடும்படி பரப்பினார். இரு பலகைகள் சந்திக்கும் இடமெல்லாம் சட்டத்தின்மேலேயே அமைந்தது. இடையே அரைக்கால் அங்குல வெளி. சட்டத்தின் முதுகிலே பசையும் பூசினார்.

துளையிடுவதில் அவர் காட்டிய கண்டிப்பை மறக்கவியலாது. பலா மரத்திலே முன்துளை இன்றித் திருகினால் ஒன்றில் மரம் பிளக்கும், அன்றேல் திருகாணி முறியும். மேற்பலகையின் துளை மாத்திரம் புரி பற்றாதவாறு சற்று அகன்றிருத்தல் வேண்டும். இரண்டிலும் புரி பற்றினால் இடைவெளி அப்படியே நின்றுவிடும். எவ்வளவு முறுக்கினும் நெருங்காது. பனஞ்சிலாகையோடு பழகிய யாழ்ப்பாணத்துத் தச்சருக்கு இது புதிதன்று. வைரமேறிய பனையில் துறப்பணம் இல்லாமல் ஆணி இறங்காது, வளைந்தே போகும். ஒவ்வொரு திருகாணியையும் சவர்க்காரக் கட்டியிலே ஒருமுறை தேய்த்துவிட்டுத் திருகினார்; மின்துளைப்பான் கையிலிருந்தும் கடைசிச் சுற்றுக்கள் மாத்திரம் கையினாலேயே.

விளிம்பு நீண்டிருந்த இடத்தில் புதிதாக ஒரு சட்டமும் கொடுத்தாயிற்று. அலுமாரி சுவரோரமாக, இரு சட்டங்களின்மேல் நிற்கிறது.

இப்போது மேலே சத்தமே இல்லை. "பிள்ளை படிக்கிறாளோ, நித்திரை கொள்கிறாளோ, ஒன்றும் தெரியவில்லையே" என்று தாயார் குறைப்படுகிறார்.