உழவுக் குதிரை ஈன்ற சவாரிக் குதிரை

கறவை மாட்டில் கலப்பினம் என்றால் நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சவாரிக் குதிரையிலும் இம்முறை உண்டு. அயர்லாந்து நாட்டுச் சிறு விவசாயிகள், ஏர் உழுத 'ஐரிஷ் டிராப்ட்' பெட்டைக் குதிரையைப் பந்தய இனமான 'தரோபிரெட்' பொலிகுதிரையுடன் இனச்சேர்க்கை செய்தனர். தாய் வயலில் உழைத்தது. குட்டி சவாரிக்கு விலை போயிற்று.

தரோபிரெட், வேகத்துக்காகவே பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட இனம். மெல்லிய தோல் கொண்டது, எளிதில் மிரளும். டிராப்ட் இனமோ கனத்த எலும்பும் நிதானமும் உடையது. முதற்கலப்புக் குட்டியில் தாயின் பொறுமையும் தந்தையின் ஓட்டமும் பெரும்பாலும் சேர்ந்து அமையும். 'பெரும்பாலும்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஜோடிக்குப் பிறந்த இரு குட்டிகள்கூடக் குணத்தில் வேறுபடும். இக்கலப்புப் பெட்டையை மீண்டும் பந்தயக் குதிரையுடன் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் புதிதாகச் சவாரி பழகுவோருக்கு அடங்குவது கடினம்.

துள்ளலுக்கெல்லாம் பிறப்பே காரணம் அன்று. வேலை வாங்காமல் லாயத்திலேயே கட்டி, தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால் சாதுவான குதிரையும் துள்ளும்.

1917-ல் வம்சப் பதிவேடு தொடங்கப்பெற்ற டிராப்ட் இனம் இன்று அருகிவிட்டது. டிராக்டர் வந்தது ஒரு காரணம். மற்றொன்று, முதற்கலப்புக்குத் தூய பெட்டை தேவை. அப்பெட்டைகளோ தம் இனக் குட்டியை ஈனாமல் கலப்புக் குட்டிகளையே ஈன்று வந்தன.