பன்மொழிச் செய்நிரல்களைப் பாதுகாப்பாக இயக்குதற்குரிய கொள்கலப் படிமம் - ஒரு விளக்கம்

முன்பின் அறியாத ஒருவர் எழுதிய செய்நிரலை எமது கணினியில் இயக்குவது, அவரிடம் வீட்டுத் திறப்பைக் கையளிப்பதற்கு ஒப்பானதாகும். மாணவரின் பயிற்சிகளைத் தானாகத் திருத்தும் முறைமைகளும், செய்நிரலாக்கப் போட்டிகளை நடத்துவோரும் இச்செயலை நாள்தோறும் செய்யவேண்டியவராயுள்ளனர். இதனால் விளையும் கேட்டிற்குத் தீயநோக்கம் இருத்தல் வேண்டுமென்பதில்லை. முடிவுறாத சுழற்சியொன்றை அறியாது எழுதிவிட்ட முதலாண்டு மாணவரின் செய்நிரலும் ஏனையோரின் வேலை முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். இவ்விடரைக் கொள்கலங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதையும், பல மொழிகளுக்கு ஏற்ற கொள்கலப் படிமத்தை அமைக்குமிடத்துக் கவனிக்கவேண்டியவை எவை என்பதையும் இங்கு நோக்குவோம்.

கொள்கலம் என்பது திடீரெனத் தோன்றியதொன்றன்று. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு முறைவழியின் கண்ணுக்குப் புலப்படும் கோப்பு மரத்தின் வேரை மாற்றியமைக்கும் வசதி இடம்பெற்றிருந்தது. 2000 ஆம் ஆண்டில் பிரீ பி.எஸ்.டி. முறைமை 'சிறை' என்னும் பெயரில் இதனை விரிவாக்கிற்று. லினக்சில் 2002 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட பெயர்வெளிகள், கோப்பு, வலையமைப்பு, முறைவழி எண், பயனர் ஆகியவற்றை ஒவ்வொரு குழுவிற்கும் தனித்தனியே காட்டின. 2008 இல் கருனியிற் சேர்ந்த கட்டுப்பாட்டுக் குழுக்கள் நினைவகத்திற்கும் செயலி நேரத்திற்கும் எல்லை வகுத்தன. 2013 இல் வெளிவந்த டொக்கர் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து எளிதிற் கையாளத்தக்கதாக்கியது. ஆகவே கொள்கலம் என்பது தனியொரு கணினியன்று. ஒரே கருனியின் மேல், வேலிகள் சூழ இயங்கும் சாதாரண முறைவழியே அது. இவ்வுண்மையை மறவாதிருத்தல் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

படிமம் என்பது கொள்கலம் இயங்குதற்கு வேண்டிய கோப்புகளின் தொகுதியாகும். அது அடுக்கடுக்காக அமைவது. ஓர் அடுக்கிற் சேர்த்த கோப்பை மேலடுக்கில் அழித்தாலும், அது மறைக்கப்படுமேயன்றிப் படிமத்தின் பருமன் குறைவதில்லை. எனவே தேவையற்றவற்றைச் சேர்த்த அடுக்கிலேயே நீக்குதல் வேண்டும். அன்றேல் ஒரு படிமத்தில் ஆக்கி, விளைவை மட்டும் வேறொரு படிமத்திற்குப் பெயர்த்தல் வேண்டும். சி, ஜாவா, பைதன், ரூபி முதலிய எல்லாவற்றையும் ஒரே படிமத்தில் அடக்குவதா, மொழிக்கொன்றாக அமைப்பதா என்னும் வினாவும் இங்கு எழுகின்றது. ஒரே படிமம் பராமரிக்க எளிது. ஆயின் பருமனிற் பெரியது; ஒரு மொழியின் பதிப்பை மாற்றுகையில் ஏனையவற்றையும் மீளச் சோதிக்கவேண்டி வரும். பொதுவான அடித்தள அடுக்கொன்றின் மீது மொழிக்கொரு படிமம் அமைப்பதே பெரும்பாலும் பொருத்தமானது என்பது எமது கருத்து. பதிப்பெண்களைத் திட்டமாகக் குறித்தலும் அவசியம்; இன்று சரியென ஏற்கப்பட்ட விடை அடுத்த தவணையிற் பிழையாகிவிடுதல் கூடாது.

மொழிகளுக்கிடையே நடுநிலை பேணல் எண்ணுவதிலும் கடினமானது. தற்காலிகக் கோப்பிடத்தில் எதனையும் இயக்கலாகாது எனத் தடைவிதித்தால், அங்கு தொகுக்கப்பட்ட சி செய்நிரல் இயங்காது. பைதன் செய்நிரலோ தடையின்றி இயங்கும். ஜாவாவின் பழைய பதிப்புகள் கொள்கலத்திற்கு விதித்த எல்லையை நோக்காது, கணினியின் முழு நினைவகத்தையும் கணக்கிட்டுத் தமக்குரிய பங்கை வகுத்துக்கொண்டு, அதனாலேயே கொல்லப்பட்டன. 2018 இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு இக்குறையை நீக்கிற்று.

தமிழில் எழுதுவோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. சிறிய படிமங்கள் பலவற்றில் மொழிச் சூழல் எதுவும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. அந்நிலையில் தமிழ் எழுத்துக்களை அச்சிடும் ஜாவாச் செய்நிரல், எழுத்துக்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளையே வெளியிடும். மாணவரின் செய்நிரல் சரியானது, பிழை படிமத்தினுடையது, புள்ளியை இழப்பவரோ மாணவர். படிமம் ஆக்கும்போதே யு.ரி.எவ்.-8 சூழலைக் குறிப்பிடும் ஒரே வரி இதனைத் தவிர்த்துவிடும்.

இனிப் பாதுகாப்பை நோக்குவோம். வேறுவகையிற் குறிப்பிடாதவிடத்துக் கொள்கலத்தினுள் இயங்குவது வேர்ப்பயனரின் அதிகாரத்துடனாகும். ஆதலின் அதிகாரமற்ற பயனரொருவரைப் படிமத்திலேயே அமைத்தல் முதற்கடன். இயக்கும்போது வலையமைப்பைத் துண்டித்தல், கோப்பு மரத்தை வாசிப்பிற்கு மட்டும் திறத்தல், வேர்ப்பயனரின் சிறப்பாற்றல்கள் அனைத்தையும் பறித்தல், புதிய அதிகாரம் பெறுதலைத் தடுத்தல், முறைவழிகளின் எண்ணிக்கைக்கு வரம்பிடுதல் ஆகியன அடுத்தவை. செயலி நேரத்திற்கு மட்டும் எல்லை விதித்தல் போதாது. உறங்கிக் கிடக்கும் செய்நிரல் செயலி நேரத்தைச் செலவிடுவதில்லையாதலின், கடிகார நேரத்திற்கும் எல்லை வேண்டும். வெளியீட்டின் அளவிற்கும் அவ்வாறே. அன்றேல் ஒரே சொல்லை ஓயாது அச்சிடும் செய்நிரல் வட்டை நிரப்பிவிடும்.

தொகுத்தலும் ஆபத்தற்றதன்று. சி மொழியில் ஏதேனுமொரு கோப்பைத் தன்னுள் சேர்க்குமாறு பணித்தால், தொகுப்பி அக்கோப்பின் வரிகளைப் பிழைச் செய்தியாக வெளியிடக்கூடும். ஆகவே தொகுத்தலையும் அதே வேலிக்குள் நிகழ்த்தல் வேண்டும்; எதிர்பார்க்கும் விடைகளை ஒருபோதும் கொள்கலத்தினுள் வைத்தலாகாது. ஒப்பீடு வெளியிலேயே நிகழவேண்டும். நினைவகம் மிகுந்து கொல்லப்பட்டாலும், நேரம் கடந்து பலவந்தமாக நிறுத்தப்பட்டாலும், 137 என்னும் ஒரே முடிவெண்ணே பெரும்பாலும் கிடைக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து மாணவருக்கு உரைப்பது முறைமையின் கடமை. காரணம் கூறாத தண்டனை எவருக்கும் கற்பிப்பதில்லை.

இவ்வளவும் செய்தபின்னரும் ஓர் எல்லை எஞ்சியுள்ளது. கருனி பொதுவானது. கொள்கலங்களை இயக்கும் 'ரன்சி' என்னும் கருவியில் 2019 இல் வெளிப்பட்ட குறைபாடு, கொள்கலத்தினுள் வேர்ப்பயனராக இயங்கிய தீய செய்நிரல் புறக்கணினியையே கைப்பற்ற வழிவிட்டது. அதிகாரமற்ற பயனரை அமைத்தல் வெறுஞ்சடங்கன்று என்பதற்கு இதுவே சான்று. முறைமை அழைப்புகளை இடைமறித்துத் தானே நிறைவேற்றும் கூகிளின் ஜீவைசர், சிறிய மெய்நிகர்ப் பொறிக்குத் தனிக்கருனி வழங்கும் அமேசனின் பயர்கிராக்கர் ஆகிய இரண்டும் 2018 இல் வெளியிடப்பட்டமை, வேலி மட்டும் போதாது என்னும் உணர்வின் விளைவெனலாம். இவற்றிற்கு வேகத்திலும் வளத்திலும் ஓரளவு விலை கொடுக்கவேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, நல்ல படிமமென்பது இரு பொறுப்புகளை ஒருங்கே சுமப்பது: கணினியைச் செய்நிரலிலிருந்து காத்தல் ஒன்று, செய்நிரலை எழுதியவரைக் கணினியின் அநீதியிலிருந்து காத்தல் மற்றையது. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதும் அதேயளவு கவனத்திற்குரியதென வற்புறுத்துவதே எமது நோக்கம்.