வளர்த்த கையாலேயே விற்கும் பிள்ளைகள்

காலை ஐந்தரை மணி. பள்ளிப் பேருந்து வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அமெரிக்காவில், அயோவாவிலோ டெக்சசிலோ ஏதோ ஒரு பண்ணை வீட்டில், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள். சாணத்தை அள்ளுகிறாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறாள். தீவனத்தை எடைபோட்டுக் கொட்டுகிறாள். பிறகு, தன்னைப்போல் பத்து மடங்கு எடையுள்ள ஒரு மாட்டைக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டி, காற்று ஊதும் கருவியால் முடியை உலர்த்திச் சீவி விடுகிறாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் குளியலும் பசியாறுதலும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே வேலை. சனி, ஞாயிறு, பெருநாள் எதற்கும் விடுப்பு கிடையாது.

ஏறக்குறைய பத்து மாதம் இப்படிப் போகும். அதன் முடிவில் அந்த மாடு ஏலத்தில் விற்கப்பட்டு இறைச்சிக்கூடத்துக்குப் போகும். இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

படிக்கும்போதே நம்மில் பலருக்கு மனம் ஒருமாதிரி ஆகும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, வாயில் பொங்கல் ஊட்டுகிறவர்கள் நாம். மலேசியத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வீட்டுக்குப் பின்னால் மாடு வளர்த்துப் பால் விற்ற கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூரில் பலரும் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கே எருமைத் தொழுவம் என்றுதான் பொருள். ஆனாலும் இன்று நம் பிள்ளைகளுக்கு மாடு என்பது பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் போய்ப் பார்க்கும் காட்சிப் பொருளாகிவிட்டது. மாட்டிறைச்சி உண்பவரோ உண்ணாதவரோ, ஒரு பிராணியைக் கன்றிலிருந்து கடைசி நாள்வரை பொறுப்பெடுத்து வளர்க்கும் இந்தப் பிள்ளைகளின் கதை யோசிக்க வைக்கும்.

நான்கு இலையும் நீலச் சட்டையும்

இதற்குப் பின்னால் இரண்டு இளையர் அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று 'ஃபோர்-எச்'. 1902-இல் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு வேளாண் மன்றமாகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. தலை, இதயம், கைகள், உடல்நலம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் எழுதிய நான்கு இலைதான் அதன் சின்னம். மற்றொன்று 1928-இல் கன்சாஸ் சிட்டியில் அமைந்த 'எஃப்எஃப்ஏ'. உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கானது. அதன் கருநீல மேற்சட்டையைப் போட்டுக்கொள்வதே ஒரு பெருமை. தொடக்கத்தில் பையன்களுக்கு மட்டும் என்றிருந்தது. தேசிய அளவில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-இல்தான். இன்று கண்காட்சி வளையத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களில் பெண் பிள்ளைகள் ஏராளம்.

இறைச்சிக்காகக் காயடித்து வளர்க்கும் இளங்காளையை அங்கே 'ஸ்டியர்' என்பார்கள். ஆங்கஸ், ஹெரிஃபர்ட், ஷார்ட்ஹார்ன், சாரொலே போன்ற இனங்களும் அவற்றின் கலப்புகளும் போட்டிக்கு வரும். சுமார் ஏழெட்டு மாதக் கன்றாக, 250 கிலோ எடையில் வாங்குவார்கள். கண்காட்சிக்குப் போகும்போது அது 600 கிலோவைத் தொட்டிருக்கும். நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏற வேண்டும் என்று அர்த்தம். ஒரு கிலோ ஏற ஆறேழு கிலோ தீவனம் தேவை. கணக்குப் போட்டால் ஒரு மாட்டுக்கே இரண்டு டன்னுக்கு மேல்.

வாங்கிவந்த கன்று மனிதர்களைக் கண்டால் மிரளும். முகக்கயிறு போட்டுக் கட்டிப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பழக்க வேண்டும். முதல் சில வாரங்களில் பிள்ளைதான் தரையில் இழுபட்டுப் போகும். பலத்தால் 250 கிலோவை அடக்க முடியாது என்பதும், பொறுமையாகத் தினமும் ஒரே நேரத்தில் போய் நின்றால் முடியும் என்பதும் அந்த வாரங்களில் தெரிந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மாடு அல்ல, நோட்டுப் புத்தகம். ஃபோர்-எச் பிள்ளைகள் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கன்று வாங்கிய விலை, தீவனச் செலவு, மருத்துவர் கட்டணம், எடை, கடைசியில் விற்ற விலை எல்லாம் அதில் ஏறும். வங்கியிலோ பெற்றோரிடமோ கடன் வாங்கிக் கன்று வாங்கியவர்கள் அதையும் எழுத வேண்டும். கடைசி வரியில் நட்டம் என்று வருவதும் உண்டு. பன்னிரண்டு வயதில் தன் கையெழுத்தில் 'நட்டம்' என்று எழுதிய பிள்ளைக்கு, பின்னாளில் வரவு செலவுக் கணக்கு பயமுறுத்தாது.

நம் பெற்றோர்களுக்குப் பிடித்த விதி ஒன்றும் உண்டு. டெக்சசில் 1984 முதல் 'தேறாவிட்டால் ஆட்டம் இல்லை' என்ற சட்டம் இருக்கிறது. பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் காற்பந்து மட்டுமல்ல, மாட்டுக் காட்சியும் கிடையாது. மாடு தயார், பிள்ளைக்குக் கணக்குப் பாடம் போச்சு என்றால் பத்து மாத உழைப்பும் வளையத்துக்கு வராது!

வளையத்துக்குள்

கண்காட்சியில் இரண்டு வகைப் போட்டி. ஒன்றில் மாட்டைப் பார்க்கிறார்கள்: முதுகின் அகலம், பின்னந்தொடையின் சதை, நடை, விலாவின்மேல் கொழுப்பு எவ்வளவு என்பது. நடுவர் கையால் தடவிப் பார்த்தே கொழுப்பைக் கணிப்பார். மற்றொன்றில் பிள்ளையைப் பார்க்கிறார்கள். மாட்டை எப்படி நடத்துகிறார், நடுவர்மீது கண் வைத்திருக்கிறாரா, மாடு முரண்டு பிடித்தால் பதறுகிறாரா என்பதற்கெல்லாம் மதிப்பெண். கையில் நீண்ட கோல் ஒன்று இருக்கும். அடிப்பதற்கல்ல. அதன் முனையால் குளம்பைத் தொட்டு நான்கு கால்களையும் சரியாக நிறுத்துவார்கள், வயிற்றைச் சொறிந்து அமைதிப்படுத்துவார்கள். சுமாரான மாட்டோடு வந்த பிள்ளைகூட இந்தப் போட்டியில் ஜெயிக்கலாம்.

முடி அலங்காரம் தனிக் கலை. கால் முடியைப் பசை தெளித்து நிமிர்த்தி, கத்தரித்து, எலும்பு பெரிதாகத் தெரியும்படி செய்வார்கள். டெக்சசின் பெரிய கண்காட்சிகள் சிலவற்றில் இந்த வித்தைக்கே இடமில்லை. கால் அங்குலத்துக்கு மேல் முடி இருக்கக்கூடாது. உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்பதுதான் காரணம்.

பெரிய பரிசை அறிவிக்க வேறு வார்த்தை தேவையில்லை. வரிசையாக நிற்கும் மாடுகளுக்குப் பின்னால் நடந்துவரும் நடுவர், தேர்ந்தெடுத்த மாட்டின் பின்புறத்தில் ஓங்கித் தட்டுவார். அந்தத் தட்டலுக்காகக் கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். டென்வரில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் கண்காட்சியில் வென்ற மாட்டை, 1945 முதல், நகரின் பழைய ஆடம்பர விடுதியான பிரவுன் பேலஸின் வரவேற்புக் கூடத்துக்கே கூட்டிவந்து நிறுத்துகிறார்கள். ஒரு பக்கம் தேநீர் விருந்து, மறு பக்கம் மாடு.

ஒரு மில்லியன் டாலர் மாடு

பணம் வந்த இடத்தில் சங்கடமும் வரும். 1932-இல் தொடங்கிய ஹூஸ்டன் கண்காட்சியில், 2022-ஆம் ஆண்டு முதலிடம் வென்ற காளை ஒரு மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இறைச்சிக்காக யாரும் அந்த விலை கொடுப்பதில்லை. வாங்குவது தொழிலதிபர்கள். வளர்த்த பிள்ளைக்கு வரம்பு வைத்த ஒரு தொகைதான் போகும். மீதி உபகாரச் சம்பள நிதிக்கும் கல்விப் பணிகளுக்கும் சேரும். சிறிய மாவட்டச் சந்தைகளில் உள்ளூர் வங்கியும் தீவனக் கடையும் சந்தை விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கும். வாங்கியவருக்குப் பிள்ளை கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது வழக்கம்.

மில்லியன் டாலர் என்றதும் சில பெற்றோருக்கு ஆசை பிறந்துவிடுகிறது. பல்லாயிரம் டாலர் கொடுத்துக் கன்று வாங்குவது, கூலிக்கு ஆள் வைத்து அலங்காரம் செய்வது எல்லாம் நடக்கிறது. அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 1994-இல் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் வென்ற பிராணிகள் பலவற்றில் சதையைக் கூட்டும் கிளென்புட்டரால் எனும் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டுப் பரிசுகள் பறிக்கப்பட்டன. பிள்ளையின் போட்டியில் ஏமாற்றியது பெரும்பாலும் பெரியவர்கள்தான் என்று நினைக்கிறேன். ஊசி போடும் யோசனை எட்டாம் வகுப்பில் படிப்பவருக்குத் தானாக வராது. பள்ளிச் செய்முறைப் பாடத்தை அப்பாவே செய்து கொடுத்து அனுப்பும் பழக்கம் நமக்கும் புதிதல்லவே.

இவ்வளவுக்கும் நடுவில் ஹூஸ்டனில் எனக்குப் பிடித்த வேறொரு போட்டி உண்டு. 1942 முதல் நடக்கிறது. மைதானத்தில் கன்றுகளை அவிழ்த்துவிடுவார்கள். கன்றுகளைவிட இளையர்கள் அதிகம். ஓடிப் பிடித்துக் கோட்டுக்குள் இழுத்து வருபவருக்குக் கன்று வாங்கப் பணம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, பணம் கொடுத்த நன்கொடையாளருக்கு மாதா மாதம் கன்றின் வளர்ச்சியைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் இப்படி உள்ளே வரலாம்.

கடைசி இரவு

ஏலம் முடிந்த இரவு கொட்டகையில் வேறு மாதிரி இருக்கும். கைதட்டல் வாங்கிய பிள்ளைகள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பதினேழு வயதுப் பையன்களும் அழுவார்கள். பக்கத்தில் நிற்கும் அப்பா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்வார். அவரும் சிறுவயதில் அழுதவர்தான்.

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. 2022-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறுமி, தான் வளர்த்த ஆட்டை ஏலத்துக்குப் பிறகு கொடுக்க மறுத்தாள். நட்டத்தை ஈடுகட்டத் தாய் முன்வந்தும், அதிகாரிகள் வெகுதூரம் வண்டியோட்டிப் போய் ஆட்டைப் பறிமுதல் செய்தார்கள். ஆடு கொல்லப்பட்டது. வழக்கு நீதிமன்றம் போய், 2024-இல் 300,000 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. விற்றது விற்றதுதான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. குழந்தை மனம் மாறக்கூடாதா என்று மறு தரப்பு கேட்கிறது. என் மனம் இரண்டாவது தரப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஒரு பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கக் காவலர்களை அனுப்ப வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான இடங்களில் அப்படி நடப்பதில்லை. லாரி வருகிறது. பிள்ளையே மாட்டை நடத்திக்கொண்டு போகிறது, பத்து மாதமாகப் பழகிய மாடும் இழுக்காமல் கூடவே போகிறது. சரிவுப் பலகையில் ஏறும் முன் முகக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும், அது வீட்டுக்குப் போகும் சாமான். வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காரில் ஏறுகிறது பிள்ளை. சில மைல் தூரம் யாரும் பேசுவதில்லை. பிறகு யாராவது ஒருவர், அடுத்த கன்றை எங்கே போய்ப் பார்ப்பது என்று ஆரம்பிப்பார்கள்.